கிளான் என்றால் பிள்ளைகள்

1

எங்கள் குடும்பத்துக்கு ஜேர்மனியில் ஒரு புதுப் பெயர் கிடைத்து இந்தக் கிழமையோடு ஒரு வருடம். வந்த புதிதில் அகதி என்றார்கள். பிறகு வெளிநாட்டார் என்றார்கள். கடவுச்சீட்டு மாறிய பிறகு 'குடிபெயர்வுப் பின்னணி கொண்டோர்' என்று, சொல்லி முடிக்கவே மூச்சு முட்டுகிற ஒரு பெயர் வைத்தார்கள். அதெல்லாம் பரவாயில்லை, மனிசர் எதற்கும் பழகிவிடுவார்கள். போன வருடம் இந்த நகரத்துப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில், ஒரு சின்னப் பெட்டிச் செய்தியில் வைத்த பெயர்தான் என் பிள்ளையை வீட்டை விட்டுக் கொண்டுபோனது. அந்தப் பெயர், கிளான்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். நாங்கள் இருக்கிற டோர்ட்மண்ட் பக்கத்தில் இந்தச் சொல்லைத் தொலைக்காட்சியில் கேட்காமல் ஒரு கிழமை போகாது. கிளான் என்றால் மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சகோதரம் என்று பெரிய குடும்பமாகச் சேர்ந்து கடத்தல், மிரட்டல் செய்கிறவர்கள் என்று அர்த்தம். யாரோ வேறு நாட்டு ஆட்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள். நாங்களும் தேத்தண்ணியும் கையுமாக இருந்து அந்தச் செய்திகளைப் பார்த்து, இவர்களால்தான் எல்லா வெளிநாட்டாருக்கும் கெட்ட பெயர் என்று பெருமூச்சு விட்டிருக்கிறோம். எங்களைக் கேட்டால் நாங்கள் நல்ல வெளிநாட்டார். வரி கட்டுகிறோம், குப்பையைப் பிரித்துப் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிப்பதில்லை.

2

துவாரகன் எங்களுக்கு ஒரே பிள்ளை. போன வருடம் அவனுக்குப் பத்தொன்பது வயது. பொலிசில் சேரவேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயது ஆசை. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நான் இன்றைக்கும் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். உனக்கு இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டு, இங்கத்தைப் பொலிஸ் வேறை அம்மா என்றான். ஓட்டச் சோதனை, எழுத்துச் சோதனை எல்லாம் பாஸ் பண்ணிவிட்டான். என் வீட்டுக்காரர் தான் வேலை செய்கிற களஞ்சியத்துக்கு வடை கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துச் சொன்னார். கடைசிக் கடிதம் ஒன்று வர வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் காற்பந்து மைதானத்தில் இரண்டு பெடியன்களுக்குள் கொழுவல். துவாரகன் விலக்கப் போனான். அந்த இழுபறியில் ஒருவனுடைய மூக்கு உடைந்து ஒரே இரத்தம். பொலிஸ் வந்து, சாட்சி சொல்லவேண்டும் என்று சிலரைக் கூட்டிக்கொண்டு போனது. எங்கள் பிள்ளையும் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். அங்கேயிருந்து தகப்பனுக்கு ஃபோன் எடுத்து, வர கொஞ்சம் பிந்தும், யோசிக்க வேண்டாம், ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம் என்று சொன்னான்.

இவர் ஃபோனை வைத்தார். வைத்த கையோடு தமையனுக்கு எடுத்தார்.

மூத்தத்தான் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனுசன்தான் எங்கள் குடும்பத்துக்குத் தலை. இவரை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர். என்னைப் பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்தவரும் அவர். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வந்து கதிரையில் இருந்தால்தான் எங்களுக்கு மனம் ஆறும். அவர் கேள்விப்பட்டால் ஊரே கேள்விப்பட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் நிலைய வாசலில் எங்கட ஆட்களின் கார்கள் வரிசையாக நின்றன. என் தம்பி கொலோனிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டான். இவருடைய தங்கச்சி, என் மச்சாள், பிள்ளைக்குப் பசிக்கும் என்று இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தா. என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது. பிள்ளை பொலிசில் நிற்கிறான், வேறு என்ன தெரியவேண்டும்?

இது எங்களுக்குப் புதிதில்லை. துவாரகன் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கொரிடோர் முழுக்க எங்கட சனம். மல்லித்தண்ணிப் போத்தலோடும் கோப்பிப் போத்தலோடும் நின்ற கூட்டத்தைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னாள்.

பொலிஸ் நிலைய முன்மண்டபத்தில் மூக்குடைந்த பெடியனின் தகப்பன் தனியே இருந்தார். மூத்தத்தான் நேரே அவரிடம் போனார். அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள்தானே, பொலிஸ் கோர்ட் என்று எதற்கு, பெரியவர்கள் நாங்கள் கதைத்து முடித்துவிடுவோம் என்றார். எங்களில் மிச்சப்பேர் மரியாதைக்குச் சுற்றி நின்றோம். ஒருவர் சமாதானம் பேசும்போது மற்றவர்கள் தூரப் போய் நின்றால் அது அவமரியாதை இல்லையா? அந்த மனுசனின் முகம் வெளிறிப் போனது. மகனை நினைத்துக் கலங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பாவம் என்று மச்சாள் இடியப்பப் பார்சலைக் கூட அவரிடம் நீட்டினா.

அவர் கையை உருவிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கூட்டம் தன்னை வளைத்துக்கொண்டு, பொலிசிடம் போகாதே என்று வற்புறுத்துவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய மகனும், தன்னை அடித்தது துவாரகன்தான் என்று சொன்னான். சாட்சியாக உள்ளே போன என் பிள்ளை குற்றம் சாட்டப்பட்டவனாக வெளியே வந்தான்.

சில நாளில் அந்தப் பெட்டிச் செய்தி வந்தது. காற்பந்துச் சண்டைக்குப் பிறகு பொலிஸ் நிலையத்தில் கிளான் திரண்டது என்று போட்டிருந்தார்கள். பெயர் போடவில்லை. ஆனால் கூடப் படித்த பெடியன்கள் அதைப் படமெடுத்துத் துவாரகனுக்கே அனுப்பினார்கள். பொலிசில் சேருகிற விண்ணப்பமும் வழக்கு முடியும்வரை நின்றுபோனது. அவன் கத்தவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை. தகப்பனுக்கு முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு சொன்னனான்தானே, அப்பா?"

அடுத்த கிழமை துவாரகன் வுப்பர்டாலில் சிநேகிதன் ஒருவனுடைய அறைக்குப் போய்விட்டான். ரயிலில் ஏறினால் பக்கம்தான். எனக்கு அது கடல் தாண்டின தூரமாக இருந்தது.

3

இந்தச் சனம் ஏன் இப்படிக் கூட்டமாக ஓடுகிறது என்று என் பிள்ளை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு நாள் விடிய ஆமி சுற்றிவளைத்து, தம்பியையும் இன்னும் பல பெடியன்களையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனது. அப்பா தனியாகப் போய்க் கேட்கிறேன் என்று சேர்ட்டைப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அவரை மறித்துப் பிடித்துக்கொண்டார். தனியே கேட்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு அம்மா, பெரியம்மா, மாமி, அவர்களின் சகோதரங்கள், பள்ளிக்கூட அதிபர், கோயில் ஐயர், தேவாலயப் பாதர் எல்லோரும் சேர்ந்து போய் முகாம் வாசலில் வெயிலில் இருந்தார்கள். நானும் இருந்தேன். பின்னேரம் போல தம்பியை வெளியே தள்ளிவிட்டார்கள். எங்களோடு வராத ஒரு வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் தாய் மட்டும்தான், திரும்பி வரவேயில்லை.

கொலோனிலிருந்து குடும்பத்தோடு ஓடி வந்த தம்பி அவன்தான். பொலிஸ் என்றதும் அவன் காரை எடுத்தது யோசித்துச் செய்த வேலை இல்லை. கூட்டமாகப் போனால் பிள்ளை கிடைக்கும், தனியே போனால் கிடைக்காது. இது எங்களுக்கு உடம்பில் ஊறிப்போன கணக்கு. இந்த நாட்டில் கணக்கு தலைகீழ் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வெளிநாட்டாருக்கென்று நடத்தின அந்த நாசமாய்ப் போன ஒருங்கிணைப்பு வகுப்பில் பன்றி இறைச்சிக்கு எத்தனை பெயர் என்று சொல்லித் தந்தார்கள், இதைச் சொல்லித் தரவில்லை.

4

நான் ஒரு வயோதிபர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே தேத்தண்ணியைக் கடும் சாயமாக வடித்துப் பால் விட்டுக் குடிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றது மோரீன் என்ற தாதி. அயர்லாந்தின் வடமேற்கு மூலைக்காரி. எனக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்தவள். இந்தப் பால்தேத்தண்ணியால்தான் எங்களுக்குள் பழக்கம்.

செய்தி வந்து கொஞ்ச நாளில் அவளிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். இது ஜேர்மன் சொல் மாதிரி இல்லையே, எங்கேயிருந்து வந்தது என்றேன். அவளுக்கு எங்கள் கதை தெரியாது. அது எங்கட சொல்லடி என்று சிரித்தாள். வீட்டில் அவள் தாய் தகப்பனோடு பேசினது ஐரிஷ், கேலிக் மொழிகளில் ஒன்று. அந்த மொழியில் ஒரு வசனம் சொன்னாள்: அன் வில் கிளான் அகத். ஊரில் புதிதாக ஒரு பெண்ணைச் சந்தித்தால் கேட்கிற கேள்வியாம்.

"உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அதுதான் அர்த்தம். கிளான் என்றால் பிள்ளைகள்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன். உண்மையாகவா என்று கேட்டேன். உண்மையாக என்றாள். ஒரு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொன்னால் கிளான். ஸ்கொட்லாந்து மலைநாட்டிலும் அதே சொல்தான். அங்கே ஒரு மூதாதையின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் அவருடைய பிள்ளைகள், அவருடைய வழிவந்தவர்கள் என்று ஆகும். அந்த மலைநாட்டுக் குடும்பங்களைப் பார்த்து ஆங்கிலக்காரர் சொல்லை எடுத்தார்கள், ஆங்கிலத்திலிருந்து ஜேர்மன்காரர் எடுத்தார்கள். எடுக்கும்போது பிள்ளைகளை வழியில் விட்டுவிட்டார்கள் என்றாள் மோரீன்.

அந்தச் சொல் ஐரிஷுக்கும் சொந்தமில்லையாம். லத்தீனில் பிளாந்தா என்றால் நடுகிற முளை, தண்டு. பழைய ஐரிஷ்காரரின் வாயில் 'ப' வராதாம், அதனால் அதைக் 'க' ஆக்கிக்கொண்டார்கள். நாங்கள் வாய்க்கு வராத கொஃபியைக் கோப்பி ஆக்கிக்கொண்ட மாதிரித்தான். நட்ட முளை, பிறகு பிள்ளை ஆயிற்று. நாங்களும் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம் என்று சொன்னேன். அவளுக்கு அது நல்ல சந்தோசம். ஜேர்மன்காரர் செடியைச் சொல்கிற ஃப்ளான்ட்ச என்ற சொல்லும் அதே லத்தீன் முளையிலிருந்து வந்ததுதான் என்றாள். எங்கள் மேல்வீட்டு அம்மா விடுமுறைக்குப் போகும்போது அவவுடைய ஃப்ளான்ட்சக்களுக்குத் தண்ணீர் விடச் சொல்லி வீட்டுத் திறப்பை என்னிடம்தான் தந்துவிட்டுப் போவா. அந்தச் செய்தி வந்த பிறகு அவ திறப்பைத் தரவில்லை. செய்தியை வாசித்தாவோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் மோரீன் சொன்னாள். அவர்களுடைய மொழியில் பிள்ளைகளை வைத்திருக்கிறேன் என்று சொல்லவே முடியாதாம். பிள்ளைகள் உன்னிடம் இருக்கிறார்களா என்றுதான் கேட்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். அவள் அதே கேள்வியை மறுபடி என்னைப் பார்த்துக் கேட்டாள், விளையாட்டாகத்தான். இருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு எல்லாம் சொன்னேன்.

5

வீட்டுக்கு வந்து துவாரகனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு பெரிய செய்தி எழுதினேன். கிளான் என்றால் பிள்ளைகள், அது கெட்ட சொல் இல்லை, நட்ட முளை என்று அர்த்தம், எங்கட மூத்தத்தானும் மாமாவும் எல்லோரும் உனக்காகத்தான் வந்தார்கள் என்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். பெரிய கண்டுபிடிப்புச் செய்த மாதிரி ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் பதில் வந்தது, ஜேர்மனில். அம்மா, இது எனக்கு உதவாது.

அவன் சொன்னது சரிதான். நீதிபதி லத்தீன் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்து என்ன செய்ய? அது என் பிள்ளையின் தலையில் எங்கே விழுந்தது என்பதுதான் எனக்கு இப்போது கதை. ஆனாலும் நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பாத்திரம் கழுவும்போது சொன்னேன், ட்ராமில் போகும்போது சொன்னேன். வேறு பிடிக்க எனக்கு என்ன இருந்தது?

இளவேனில் முடிய வழக்குக்குத் தேதி வந்தது. வழக்கறிஞர், சின்னப் பெண், நல்ல பிள்ளை, குடும்பத்திலிருந்து கனபேர் வராமல் இருப்பது நல்லது என்றா. துவாரகன் அதோடு நிற்கவில்லை. எனக்கு ஃபோன் எடுத்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் குரல்.

"ஒருத்தரும் வரக்கூடாது, அம்மா. நீங்களும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். பிளீஸ்."

சரி அப்பன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு வீடாக ஃபோன் எடுத்து, வராதேங்கோ, வராதேங்கோ என்று கெஞ்சினேன். கலியாணத்துக்குச் சொல்வதைவிட இது கஷ்டம். மச்சாள் கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டா. மூத்தத்தானுக்கு ஃபோனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நேரே போனேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு கலியாண வீட்டுக்கும் போனதில்லை. யாரோ கோயிலில் பகிடியாக, கிளான் தலைவர் வாறார் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"நான் அந்தாளின்ரை கையைத்தானே பிள்ளை பிடிச்சனான்," என்றார்.

தேத்தண்ணி கூடக் குடிக்காமல் எழும்பி வந்தேன். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்த மனுசனை வராதே என்று சொல்லிவிட்டு வந்த நாள் அது. என் பிள்ளைக்காக என்றால் இன்னும் எத்தனை பேரிடமும் சொல்வேன், அதற்காக அது லேசாகிவிடாது.

6

வழக்கு நாளன்று இவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றார். நானும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். கால்கள் வேறு பக்கம் போயின. நீதிமன்றத்துக்கு நேரெதிரே ட்ராம் தரிப்பிடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆட்கள் இருக்கப் போட்டிருக்கும் வாங்கில் இருந்தேன். உள்ளே வரவேண்டாம் என்றுதான் அவன் சொன்னான், ட்ராம் தரிப்பிடத்தில் இருக்கவேண்டாம் என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டேன்.

துவாரகன் வந்தது தெரிந்தது. கறுப்புக் கோட் ஒன்று, யாரிடமோ இரவல் வாங்கினது போல, தோளில் பொருந்தாமல் இருந்தது. மெலிந்துவிட்டான். வழக்கறிஞரோடு உள்ளே போனான். நான் தூணுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு ஒளித்திருக்க வேண்டிய நிலைமை யாருக்கும் வரக்கூடாது. எழும்பி றோட்டைக் கடந்து போய்விடுவேன் என்று பயந்து, வாங்கின் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். ட்ராம்கள் வந்து போயின. ஒரு ட்ரைவர் என்னைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். எந்தக் கடவுளைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரையும் கூப்பிட்டேன்.

மத்தியானம் போலக் கதவு திறந்தது. முதலில் அந்த மூக்குடைந்த பெடியன் வந்தான். அவனோடு தகப்பன். பிறகு தாய். பிறகு தமக்கை மாதிரி ஒரு பெட்டை, அவளுடைய புருசன், தடியூன்றிக்கொண்டு ஒரு கிழவி, அவவைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர். எல்லோரும் படியில் நின்று அந்தப் பெடியனைக் கட்டிப்பிடித்தார்கள். கிழவி அவனுடைய கன்னத்தைத் தடவினா. நல்ல குடும்பம் என்று யாரும் பார்த்தால் சொல்வார்கள்.

அவர்கள் போன பிறகு துவாரகன் தனியே வந்தான். படியில் நின்று ஃபோனை எடுத்தான். என் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது.

தீர்ப்புச் சொல்லாமலே வழக்கை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பதிலாகச் சம்பளமில்லாத பொதுவேலை கொஞ்ச மணித்தியாலம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். பொலிசுக்கு இனி விண்ணப்பிக்கப் போவதில்லை என்றான். மளமளவென்று ஜேர்மனில் சொல்லிக்கொண்டு வந்தவன் நின்றுவிட்டான். றோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட் பையிலிருந்து ஏதோ கடுதாசியை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு தமிழில் சொன்னான்.

"அவையள் எல்லாரும் வந்திருந்தவை, அம்மா. அவன்ரை ஓமாக் கிழவி கூட வந்தவ. எனக்குப் பின்னால வாங்கெல்லாம் வெறுமையா இருந்தது."

"நீதானே அப்பன் ஒருத்தரும் வரவேண்டாம் எண்டனீ."

"ஓம். எண்டாலும் ஒவ்வொருக்காக் கதவு திறக்கேக்கையும் நான் திரும்பிப் பாத்தனான்."

என்னால் அதற்கு மேல் ஒளித்திருக்க ஏலவில்லை. எதிர்ப்பக்கம் தரிப்பிடத்தைப் பார் என்றேன். அவன் தலையை நிமிர்த்தினான். நான் எழும்பி நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், கையை உயர்த்தினேன். அவன் கையை உயர்த்தவில்லை. ஃபோனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"விடியத் தொடக்கம் இங்கயோ இருந்தனீங்கள்?" என்றான். ஓம் என்றேன்.

"அப்ப உள்ளுக்கு வந்திருக்கலாமே, அம்மா."